பட்டப்பகலில் தெரியும் எரிகல்: காவிரி டெல்டாவிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்போதுதான் பார்த்தேன். முதலில் என்ன செய்வது?

நின்ற இடத்தை விட்டு நகராதீர்கள். கைபேசியில் மணியைப் பாருங்கள், நொடி வரை. அடுத்து, அது முதலில் கண்ணில் பட்ட இடத்தையும் மறைந்த இடத்தையும் எதிரே இருக்கும் ஏதாவது ஒரு பொருளோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். "டிரான்ஸ்பார்மருக்கு வலப்பக்கம், தென்னை மட்டை நுனிக்குக் கொஞ்சம் மேலே" என்று எழுதினால் போதும். வானத்தில் புகைத் தடம் நின்றால் உடனே படம் எடுங்கள். ஜூம் வேண்டாம், தரையும் ஒரு கட்டடமோ மரமோ சட்டத்துக்குள் வர வேண்டும். பிறகு நிமிடத்துக்கு ஒரு படம்.

கண்ணாடி ஜன்னலை விட்டுத் தள்ளி, குறைந்தது 5 நிமிடம் சத்தத்துக்காகக் காத்திருங்கள். சத்தம் வந்தால் அந்த மணியையும் குறியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் பக்கத்து வீட்டாரிடம் விசாரிப்பதும் அதற்குப் பிறகு. நாலு பேர் கூடிப் பேசிவிட்டால் நாலு பேருக்கும் ஒரே ஞாபகமாகிவிடும். தனித்தனியாக எழுதிய நாலு குறிப்புக்கு இருக்கும் மதிப்பு அதற்கு இல்லை.

சூரியன் காயும்போது எரிகல் எப்படித் தெரியும்?

இரவில் சாதாரணமாகப் பார்க்கும் எரிகற்களில் பெரும்பாலானவை மணல் துகள் அளவுதான். பகலிலும் அவை எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. வானத்தின் வெளிச்சம் மறைத்துவிடுகிறது. பொலிவை அளக்க வானியலில் ஓர் அளவுகோல் உண்டு. எண் குறையக் குறையப் பொலிவு கூடும். வெள்ளிக் கோள் சுமார் மைனஸ் 4, முழுநிலவு மைனஸ் 12.7, சூரியன் மைனஸ் 26.7. வெள்ளியை மிஞ்சும் எரிகல்லைத் தீப்பந்து என்பார்கள். பகலில் தெரிய அதுவும் போதாது. சூரியனை விட்டு விலகிய வானத்தில் குறைந்தது மைனஸ் 6 வேண்டும். சூரியனுக்கு அருகே என்றால் இன்னும் அதிகம்.

இரவில் பொறுமையாக வானம் பார்க்கும் அனுபவசாலிக்கே மைனஸ் 6 அளவில் ஒன்று சுமார் 200 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் வாய்க்கும். பூமி முழுவதும் கணக்கிட்டால் தீப்பந்துகள் ஒரு நாளைக்குச் சில ஆயிரம் விழுகின்றன. பெரும்பங்கு கடல்மேலும் ஆளில்லாத நிலத்திலும் போய்விடுகிறது. மிச்சத்தில் பாதி பகலில். நடவு வயலில் குனிந்து நிற்பவர்களும் பைக்கில் சாலையைப் பார்த்துப் போகிறவர்களும் அதைத் தவறவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

பக்கத்து ஊர் வயலில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். போய்த் தேடலாமா?

அநேகமாக அது பக்கத்து ஊர் இல்லை. இந்த ஒரு தப்புக்கணக்கில்தான் பெரும்பாலான தேடல்கள் வீணாகின்றன.

எரிகல்லாக ஒளிரும் விண்கல் நொடிக்கு 11 முதல் 72 கி.மீ. வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைகிறது. சுமார் 100 கி.மீ. உயரத்தில் ஒளிரத் தொடங்கும். கீழே வர வர வேகம் குறைந்து, பெரும்பாலும் 15 முதல் 20 கி.மீ. உயரத்துக்குள் ஒளி அணைந்துவிடும். மிச்சம் ஏதாவது இருந்தால், அதன்பிறகு அது ஒளியே இல்லாமல் கறுப்பாக, காற்று தள்ளும் பக்கம் சாய்ந்து விழும். தரைக்கு வரும்போது வேகம் நொடிக்கு 100, 150 மீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கும். ஆக, தரை தொடும்வரை எரிந்துகொண்டு வரும் கல் என்று ஒன்று நடைமுறையில் இல்லை. மூங்கில் தோப்புக்குப் பின்னால் நெருப்பாக இறங்கியது என்றால், அது தோப்புக்கு வெகுதூரம் அப்பால், அடிவானத்துக்குக் கீழே போயிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கும்பகோணத்தில் நின்று மேற்கே 10 பாகை (டிகிரி) உயரத்தில் ஒளி அணைவதைப் பார்க்கிறீர்கள். அணைந்த உயரம் 30 கி.மீ. என்றால், தரைவழித் தூரம் சுமார் 170 கி.மீ. அது கொடுமுடிப் பக்கம். திருச்சிகூட இல்லை. இதையே கிழக்கே பார்த்திருந்தால் வங்காள விரிகுடா.

உயரத்தைப் பாகையில் சொல்லச் சொல்கிறார்கள். எப்படி அளப்பது?

கையை முழுவதும் நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை. சுண்டுவிரல் அகலம் 1 பாகை. விரல்களை நன்றாக விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை 20 பாகைக்குக் கிட்டத்தட்ட வரும். அடிவானத்திலிருந்து முஷ்டிமேல் முஷ்டி வைத்து எண்ணிக்கொண்டு போங்கள். டெல்டாவில் நிலம் சமம் என்பதால் அடிவானம் ஒழுங்காகக் கிடைக்கும். ஆனால் தென்னையும் மூங்கிலும் முதல் 10, 15 பாகையை விழுங்கிவிடும். எண்ணிக்கையை மர உச்சியிலிருந்து தொடங்கிவிடாதீர்கள்.

மனிதக் கண் உயரத்தை எப்போதும் கூட்டியே சொல்லும். 45 பாகையில் இருப்பதைப் பலர் "தலைக்கு நேர் மேலே" என்பார்கள். பழகிக்கொள்ள ஒரு வழி: தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 66 மீட்டர். அதன் நடுவிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்று உச்சியைப் பார்த்தால் ஏறக்குறைய 33 பாகை. அண்ணாந்து பார்த்ததாகத் தோன்றும், கணக்கில் அது பாதி வானம்கூட இல்லை.

திசைக்குக் கைபேசித் திசைகாட்டி போதும். பைக், இரும்புக் கேட், மின்கம்பம், கம்பி கட்டிய மொட்டைமாடி ஆகியவற்றுக்கு அருகில் ஊசி பொய் சொல்லும். நாலு அடி தள்ளி நின்று, கைபேசியை எட்டுப் போடுவதுபோல் சுழற்றிவிட்டு அளவெடுங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் பகுதியில் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு பாகைதான். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இரண்டு ஊரிலிருந்து பார்த்தால் உயரம் கிடைத்துவிடுமா?

கிடைக்கும். தஞ்சாவூரும் நாகப்பட்டினமும் ஏறக்குறைய ஒரே கிழக்கு மேற்குக் கோட்டில், நேர்தூரத்தில் சுமார் 77 கி.மீ. தள்ளி இருக்கின்றன. தஞ்சாவூர்க்காரர் நேர்கிழக்கே 45 பாகையில் வெடித்தது என்கிறார், நாகைக்காரர் நேர்மேற்கே 45 பாகை என்கிறார். அப்படியானால் அது திருவாரூர் மாவட்ட வானத்தில் சுமார் 38 கி.மீ. உயரத்தில் வெடித்தது. மூன்றாவதாக மயிலாடுதுறையிலிருந்தோ வேதாரண்யத்திலிருந்தோ ஒரு குறிப்பு கிடைத்தால் பிழை எவ்வளவு என்பதும் தெரியும். ஒரே ஊரில் 50 பேர் பார்த்திருந்தாலும் இந்தக் கணக்குக்கு அவர்கள் ஓர் ஆளுக்குச் சமம்தான்.

வெளிச்சம் வந்து வெகுநேரம் கழித்துத்தான் வெடிச்சத்தம் கேட்டது. இரண்டும் ஒன்றா?

நேரத்தை வைத்தே சொல்லலாம். ஒலி நிமிடத்துக்குச் சுமார் 20 கி.மீ. போகும். தீப்பந்து 50 கி.மீ. உயரத்துக்குக் கீழே இறங்கினால்தான் தரையில் சத்தம் கேட்க வாய்ப்பு உண்டு. அந்தச் சத்தம் வந்து சேர ஒன்றரை முதல் நாலைந்து நிமிடம் ஆகும். 3 நிமிடம் என்றால் பாதையின் மிக அருகான பகுதி உங்களிடமிருந்து 60 கி.மீ. நேர்தூரத்தில் இருந்திருக்கிறது. அதனால்தான் இரண்டு மணிகளையும் கேட்கிறோம். சத்தம் கேட்டிருந்தால் நல்ல செய்திதான். கல் தரைக்கு வந்திருக்கக்கூடும்.

வெளிச்சமும் சத்தமும் சேர்ந்தே வந்தன என்றால் சந்தேகப்படுங்கள். பக்கத்தில் பட்டாசு, டிரான்ஸ்பார்மர், இடி என்று வேறு காரணம் இருக்கும்.

சத்தம் மட்டும் கேட்டது. வீடே அதிர்ந்தது. எரிகல்லா?

டெல்டாவில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 போர் விமானப் படையணி இருக்கிறது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும்போது எழும் அதிர்வலை கதவு ஜன்னலை ஆட்டும். அது பெரும்பாலும் அடுத்தடுத்து இரண்டு அடியாக, "டும் டும்" என்று முடிந்துவிடும். பெரிய தீப்பந்தின் சத்தம் ஒரு வெடியோடு நிற்காமல் பத்து இருபது நொடி உருண்டு போகும். மேகமில்லாத வானத்தில், சத்தத்துக்கு முந்தைய 5 நிமிடத்தில் யாருமே வெளிச்சமோ தடமோ பார்க்கவில்லை என்றால், விமானம் என்றே முதலில் நினையுங்கள்.

மாலையில் மேற்கே நெருப்புக் கோடு ஒன்று மெதுவாக இறங்கியது. பத்து நிமிடம் தெரிந்தது.

விமானத்தின் ஆவித்தடம். சூரியன் இறங்கும் நேரத்தில் அடிவானத்துக்கு அருகே அது செக்கச்செவேலென்று தெரியும். விமானம் உங்களைவிட்டு விலகிப் போவதால் கீழே விழுவதுபோல் தோன்றும்.

எரிகல் விடும் தடத்துக்கு அடையாளம் வேறு. முழுத் தடமும் சில நொடிக்குள் ஒரே மூச்சில் தோன்றிவிடும். பகலில் நாம் பார்ப்பது எரிந்த கல்லின் நுண்தூசி வெயிலில் மின்னுவதை. வெவ்வேறு உயரத்தில் காற்று வெவ்வேறு பக்கம் அடிப்பதால் சில நிமிடத்தில் அது நெளிந்து முறுக்கிக்கொள்ளும். 1947 பிப்ரவரி 12 அன்று ரஷ்யாவின் சிகோட்டே-அலின் மலைப்பகுதியில் பகலில் விழுந்த இரும்பு விண்கல்லின் புகைத் தடம் பல மணி நேரம் நின்றது.

ராக்கெட்டாக இருக்குமோ?

ஸ்ரீஹரிகோட்டா கும்பகோணத்திலிருந்து நேர்தூரத்தில் சுமார் 320 கி.மீ., வடக்கு வடகிழக்கில். ஏவும் ராக்கெட் அந்தப் பக்க அடிவானத்திலிருந்து மேலே ஏறி, கடல் பக்கமாக, நிமிடக்கணக்கில் நகரும். இஸ்ரோவின் ஏவுநேரத்தைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது.

பழைய செயற்கைக்கோளோ ராக்கெட் பாகமோ திரும்பி விழுவது வேறு. நொடிக்கு 8 கி.மீ. அளவுதான் வேகம், கூட்டமாகப் பல துண்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக, அரை நிமிடத்துக்கு மேல் ஊர்ந்து போகும். இயற்கை எரிகல் பெரும்பாலும் ஒன்று முதல் ஏழெட்டு நொடிக்குள் முடிந்துவிடும். விதிவிலக்கு உண்டு: 1972 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து கனடாவின் ஆல்பர்ட்டா வரை பட்டப்பகலில் போன தீப்பந்து, பூமியை 57 கி.மீ. உயரத்தில் உரசிவிட்டு மறுபடி விண்வெளிக்கே போய்விட்டது. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தெரிந்தது.

நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் வெள்ளைப் புள்ளி என்றால் பலூன், அல்லது வெள்ளிக் கோள். இடம் தெரிந்து பார்த்தால் வெள்ளி பகலிலும் தெரியும்.

எந்த மாதம், எந்த வேளையில் வாய்ப்பு அதிகம்?

கல்லாகத் தரைக்கு வந்து சேர்ந்தவற்றின் பதிவுகளில் பிற்பகலுக்கும் மாலைக்கும் பங்கு அதிகம். காரணம் எளிது. விடியற்காலையில் நாம் பூமி ஓடும் திசையின் முன்பக்கம் இருக்கிறோம். வருபவை எதிரே மோதி, அதிவேகத்தில் எரிந்து தீர்ந்துவிடும். பிற்பகலில் பின்பக்கம், பூமியைத் துரத்திப் பிடிப்பவை மட்டுமே வரும். அவற்றின் வேகம் குறைவு என்பதால் மிச்சம் இருக்கும்.

வட அரைக்கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெரிய தீப்பந்துகள் சற்று அதிகம். நமக்கு அது தோதான காலம். சம்பா, தாளடி அறுப்பு முடிந்து வயல் காலியாக இருக்கும், வானம் தெளிவாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, எதுவும் எதிர்பார்க்க வேண்டாம்.

பகலில் எரிகல் மழையும் உண்டாமே?

உண்டு, கண்ணுக்குத் தெரியாது. ஜூன் முதல் வாரத்தில் உச்சம் காணும் பகல் மேஷ மழை இவற்றில் பெரியது. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்கில் 1947-இல் ரேடார் வைத்துத்தான் இந்தப் பகல் மழைகளைக் கண்டுபிடித்தார்கள். ஜூன் 7 ஒட்டி, விடிவதற்கு முந்தைய அரை மணி நேரம் கோடியக்கரை மாதிரி இருட்டான கடற்கரையில் கிழக்கே பார்த்தால் ஒன்றிரண்டு கிடைக்கலாம். சூரியன் வந்தபிறகு வானொலிதான் கதி: எரிகல்லின் அயனித் தடத்தில் (மின்னேற்றம் பெற்ற காற்றில்) பட்டுத் தெறிக்கும் தொலைதூர நிலைய அலை ஒரு நொடி ஒலித்து அடங்கும். திருப்பதிக்கு அருகே காதங்கியில் உள்ள 53 மெகாஹெர்ட்ஸ் ரேடாரும் இதே தெறிப்பைப் பயன்படுத்தி எரிகற்களைப் பதிவு செய்யும்.

எங்கள் கடை சிசிடிவியில் விழுந்திருக்கும். என்ன செய்ய வேண்டும்?

முதலில் அழியாமல் காப்பாற்றுங்கள். பெரும்பாலான பதிவுக்கருவிகள் ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் பழையதன்மேல் எழுதிவிடும். அரிசி ஆலை, பெட்ரோல் பங்க், நகைக்கடை, நெல் கொள்முதல் நிலையம் என்று கேமரா இருக்கும் இடமெல்லாம் அன்றே கேளுங்கள்.

திரையைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்புவதுதான் எல்லோரும் செய்வது. அதில் கோணமும் கெடும், நொடியும் கெடும். பென் டிரைவ் செருகி, சம்பவத்துக்கு முன்னும் பின்னும் 10 நிமிடம் சேர்த்து மூலக் கோப்பையே எடுங்கள். கருவியின் கடிகாரமும் கைபேசி மணியும் ஒரே படத்தில் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கடைக் கேமராக்களின் கடிகாரம் நாலைந்து நிமிடம் பிசகியிருப்பது சர்வசாதாரணம். பிசகு எவ்வளவு என்று தெரிந்தால் திருத்திவிடலாம்.

அடுத்தது, கேமராவைத் தொடாதீர்கள். துடைக்கக்கூட வேண்டாம். தெளிவான ஓர் இரவில் அதே கேமராவில் நிலாவோ பிரகாசமான நட்சத்திரமோ பதிவானால், அவற்றின் இடத்தை வைத்துப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் திசையும் உயரமும் கணக்கிட்டுவிடலாம்.

கடைக் கேமராக்கள் தரையைத்தான் பார்க்கும். வானமே விழவில்லை என்று விட்டுவிட வேண்டாம். 2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செலியாபின்ஸ்க் நகருக்கு அருகே வானில் வெடித்த தீப்பந்தின் பாதையை, நகரச் சதுக்கக் கேமராவில் விளக்குக் கம்பங்களின் நிழல் சுழன்றதை வைத்தே முதலில் கணக்கிட்டார்கள். அது சில நொடி சூரியனையே மிஞ்சியது, அதோடு அது சூரிய உதயநேரம். நடுப்பகலில் நிழல் கிடைப்பது கஷ்டம்.

கைபேசிப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாகுமென்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு எடுத்த நேரமும் இடமும் கோப்பிலிருந்து போய்விடும்.

ஆபத்து உண்டா? ஜன்னலை விட்டு ஏன் தள்ளி நிற்க வேண்டும்?

மேலே சொன்ன செலியாபின்ஸ்க்தான் காரணம். சுமார் 20 மீட்டர் குறுக்களவுள்ள பாறை, நொடிக்கு 19 கி.மீ. வேகத்தில் வந்து, 30 கி.மீ. உயரத்தில் உடைந்தது. வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு ஓடினார்கள். 2 நிமிடத்துக்கு மேல் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடி மொத்தமும் உடைந்தது. காயமடைந்த சுமார் 1,500 பேரில் பெரும்பாலோருக்குக் கண்ணாடிதான் காரணம். ஒரு பள்ளியில் ஆசிரியர் 44 பிள்ளைகளையும் மேசைக்கு அடியில் குனியச் சொன்னார்; பிள்ளைகளுக்குக் கீறல் இல்லை, அவருக்குக் காயம்.

அந்த அளவுப் பாறை பல பத்தாண்டுகளுக்கு ஒரு முறைதான் பூமிக்கு வரும். ஆனாலும் கண் கூசும் வெளிச்சம் வந்தால் வகுப்பறையில் ஜன்னலுக்கு முதுகு காட்டித் தரையில் உட்காருவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஷீட் கொட்டகையாக இருந்தால் வெளியே திறந்தவெளிக்கு வாருங்கள்.

தமிழ்நாட்டில் பகலில் விழுந்தது உண்டா?

உண்டு. 1857 பிப்ரவரி 28 அன்று, மதிய வேளையில், மதுரைக்குத் தெற்கே இரண்டு கற்கள் விழுந்தன. உலகப் பட்டியல்களில் பார்னல்லி என்ற பெயரில் இருப்பது இதுதான். கிடைத்த எடை சுமார் 77 கிலோ. 1886-இல் அன்றைய தென்னார்க்காட்டில் நம்மியந்தல் கல்லும், 1890-இல் காகங்கரி கல்லும் விழுந்தன. காகங்கரி சில நூறு கிராம்தான், ஆனால் அதன் பெயரிலேயே விண்கற்களில் ஒரு தனி வகை இருக்கிறது. நாட்டின் பிற பகுதியில் பீகாரின் ஷெர்காட்டி, 1865 ஆகஸ்ட் 25 காலை விழுந்தது, செவ்வாய்க் கோளிலிருந்து வந்த கல்.

2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்த வெடிப்பில் ஒருவர் இறந்ததை விண்கல் என்று அப்போது அறிவித்தார்கள். குழியின் படங்கள் தரையில் நடந்த வெடிப்பையே காட்டுவதாக நாசா அறிவியலாளர்கள் கருத்துச் சொன்னார்கள். வெளிச்சமும் தடமும் பார்த்த சாட்சி இல்லாமல் குழியை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதில் உள்ள சிக்கல் இது.

வயலில் எப்படித் தேடுவது?

நிபுணர்கள் பாதையைக் கணக்கிட்டு, காற்றுத் திசையைச் சேர்த்து, விழுந்த பகுதி என்று ஒன்றைக் குறித்துத் தந்தபிறகு தேடுங்கள். அதற்குமுன் அலைவது வீண்.

டெல்டாவுக்கு ஒரு வசதி உண்டு: வண்டல் மண்ணில் இயற்கையாகக் கல் கிடையாது. நடு வயலில் ஒரு கல் கிடந்தால் அதை யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும், அல்லது அது மேலிருந்து வந்திருக்க வேண்டும். கொண்டுவந்தவை எவை என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது: சாலை ஜல்லி, ரயில்பாதைக் கருங்கல், வல்லம் பக்கத்துச் செம்புராங்கல், எல்லைக்கல் சில்லு, கொல்லுலைக் கிட்டம் (இரும்புக் கசடு), செங்கல் சூளையில் உருகிப்போன கட்டி. கடைசி இரண்டும்தான் அதிகம் ஏமாற்றும்.

நில உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, 3 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடங்கள். பயிர் நிற்கும் வயலில் இறங்க வேண்டாம். அறுவடை இயந்திரம் போன வயலில் வைக்கோல் மூடியிருக்கும், கிளறித்தான் பார்க்க வேண்டும். கோடையில் களிமண் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சிறு துண்டு வெடிப்புக்குள் போய்விடும் என்பதால் டார்ச் அடித்துப் பாருங்கள். சேற்றுழவு நடந்த வயலில் கல் முழுசாகப் புதையும். புதிதாக ஒரு சின்னக் குழியில் நீர் கலங்கி நின்றால் அதுதான் அடையாளம். மொட்டைமாடி, ஓட்டு வீடு, களம், தார்ச்சாலை இவற்றை முதலில் பாருங்கள். கிடைப்பது அங்கேதான் சுலபம்.

கிடைத்த கல் விண்கல்தானா?

புதிதாக விழுந்ததென்றால் வெளியே கறுத்த மெல்லிய தோல் இருக்கும், ஒரு மில்லிமீட்டர்கூட இராது, பளபளப்பும் குறைவு. உடைந்த இடத்தில் உள்ளே சாம்பல் நிறம், நடுநடுவே மின்னும் உலோகப் பொடி. மேற்பரப்பில் களிமண்ணில் கட்டைவிரல் அழுத்தியதுபோல் குழிவுகள் இருக்கலாம். குமிழ் ஓட்டைகள் நிறைய இருந்தால் அது கிட்டம் அல்லது சூளைக் கட்டி.

காந்தம் ஒட்டிப் பார்க்காதீர்கள். விண்கல்லுக்குள் பழைய காந்தப்புலத்தின் தடயம் பதிந்திருக்கும். ஸ்பீக்கர் காந்தம் ஒரு முறை பட்டால் அது அழிந்துவிடும். திசைகாட்டியைக் கல்லின் அருகே கொண்டுபோய் ஊசி அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தாலும் உறுதி இல்லை, கிட்டமும் அசைக்கும்.

எரிகல் சம்பவம் எதுவும் இல்லாமல், வெகுநாளாகக் கிடக்கும் கல் என்றால் இன்னும் இரண்டு சோதனை செய்யலாம். ஒன்று, குளியலறை டைல்ஸின் பின்பக்கத்தில் தேய்ப்பது: செங்காவிக் கோடு விழுந்தாலோ நல்ல கறுப்புக் கோடு விழுந்தாலோ அது இரும்புத் தாது. இரண்டு, அடர்த்தி. அளவுக் குவளையில் கேழ்வரகை 500 மி.லி. வரை தட்டி நிரப்புங்கள். அதை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, கல்லைக் குவளையில் வைத்து, அதே கேழ்வரகைத் திரும்பக் கொட்டித் தட்டுங்கள். கூடிய அளவுதான் கல்லின் கன அளவு. 200 கிராம் கல் 74 மி.லி. கூட்டினால் அடர்த்தி 2.7, சாதாரணக் கருங்கல். 57 மி.லி. என்றால் 3.5, விண்கல்லாக இருக்கலாம், நிபுணரிடம் காட்டுங்கள். தண்ணீரில் முக்கி அளக்க வேண்டாம், உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடித்துவிடும்.

புதிதாக விழுந்த கல்லில் இவை எதையும் செய்யாதீர்கள். கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம், ஜிபிஎஸ் குறிப்பு, புதிய அலுமினியத் தாளால் பிடித்துச் சுற்றி, புது ஜிப் கவரில் போடுங்கள். துண்டுக்கு ஒரு கவர். ஈரமாக இருந்தால் நிழலில் உலரவிட்டு, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். கழுவவும் வேண்டாம், மஞ்சள் குங்குமம் வைக்கவும் வேண்டாம்.

கல் கொதிக்குமா? வைக்கோல்போர் தீப்பிடித்ததே!

விண்வெளியில் குளிர்ந்து கிடந்த கல், எரிவது சில நொடி, உருகிய தோலும் வழியிலேயே உரிந்துவிடும். பிறகு குளிர்ந்த காற்றில் நிமிடக்கணக்கில் விழுகிறது. தரைக்கு வரும்போது வெதுவெதுப்பாகவோ குளிர்ந்தோ இருக்கும். வைக்கோல்போருக்குத் தீ வைத்தது பீடியோ மின்கம்பியோ, வேறெதையாவது விசாரியுங்கள். ஆபத்தான கதிரியக்கமும் கிடையாது.

யாரிடம் ஒப்படைக்க வேண்டும்?

கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். அவர்கள் வழியாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குப் போகும். நாட்டில் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு அத்துறைக்குத்தான். சென்னையில் அலுவலகம் உண்டு. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்திலும் விண்கல் ஆய்வு நடக்கிறது. தாமதம் வேண்டாம்: கல்லில் உள்ள சில கதிரியக்க அணுக்கள் வேகமாகக் குறையும்; சோடியம்-24 என்பது 15 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகிவிடும். அவற்றை அளந்தால்தான் கல் விண்வெளியில் எப்படி இருந்தது என்று கணக்கிட முடியும்.

இதில் இரிடியம் இருக்கிறது, கோடிக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று ஒருவர் வந்தார்.

கலசத்தில் இரிடியம் என்று ஏமாற்றிய அதே கும்பலின் புதுச் சரக்கு. சாதாரணக் கல்வகை விண்கல்லில் இரிடியம் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இராது. ஒரு டன் கல்லை அரைத்தாலும் ஒரு கிராம் தேறாது. "சோதனைச் செலவுக்கு" முன்பணம் கேட்டால் காவல் நிலையம் போங்கள்.

பார்த்ததை எங்கே பதிவு செய்வது? எப்படி எழுதுவது?

சர்வதேச எரிகல் அமைப்பின் இணையதளத்தில் தீப்பந்துப் படிவம் இருக்கிறது. எந்த நாட்டிலிருந்தும் நிரப்பலாம். பெரிய வெடிப்பாக இருந்தால் நாசாவின் தீப்பந்துப் பட்டியலிலும் பின்னர் நேரம், இடம், உயரம், ஆற்றல் வரும்; அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறிப்பு இந்த மாதிரி இருந்தால் போதும்:

"பாபநாசம், பேருந்து நிலையத்துக்குத் தெற்கே 300 மீட்டர், ஜிபிஎஸ் இணைத்துள்ளேன். மாலை 4 மணி 12 நிமிடம் 20 நொடி, கைபேசி மணி. தொடக்கம்: வடக்கிலிருந்து வலமாக 60 பாகை, உயரம் 40. முடிவு: 95 பாகை, உயரம் 15, தென்னைக்குப் பின்னால் மறையவில்லை, கண்ணெதிரே அணைந்தது. சுமார் 4 நொடி. வெள்ளை, கடைசியில் மஞ்சள். கண் கூசவில்லை, நிழல் விழவில்லை. இறுதியில் மூன்றாக உடைந்தது. வெண்ணிறத் தடம் 6 நிமிடம் நின்றது, 7 படம். சத்தம்: 4 நிமிடம் 30 நொடி கழித்து, உருளும் ஒலி, 15 நொடி. மேகம் இல்லை. வேறு யாரிடமும் பேசுவதற்கு முன் எழுதியது."